அண்ணாவியார் ஓரத்துக்குப் போன பிறகு

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஈழத்துக் கூத்தைப் படிப்பிக்கும்போது நாங்கள் எல்லோரும் தவறாமல் ஒரு வரி சொல்வோம்: வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில், சபை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடைக்கு வந்தது. பிள்ளைகள் அதை அப்படியே கொப்பியில் எழுதுவார்கள், பிறகு பரீட்சையிலும் எழுதுவார்கள். நான் அந்த வரியோடு விடுவதில்லை. கூத்தைப் பழக்கி, மத்தளம் அடித்து நடத்துகிற ஆசானைத்தான் அண்ணாவியார் என்போம். “சரி, களரிக்கு நடுவில் நின்ற அண்ணாவியார் எங்கே போனார்?” என்று கேட்பேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு யாராவது ஒரு பிள்ளை, “மேடையின்ர ஒரு பக்கத்துக்கு, டீச்சர்” என்று சொல்லும்.

அவர் ஓரத்துக்குப் போன அன்றைக்குத்தான் எங்கள் மாணவர் அரங்கில் தயாரிப்புக் குழு என்ற ஒன்று தேவைப்பட்டது என்பது என் எண்ணம். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மேடை முகாமையாளராகப் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றவள் நான். நடிக்க ஆசைப்பட்டுக் கிடைக்காமல் அங்கே போகவில்லை, விரும்பித்தான் போனேன். எங்கள் பல்கலைக்கழக நாடகங்களைப் பற்றி எழுதப்படுகிற கட்டுரைகளில் எழுதியவர், நெறியாண்டவர், முதன்மைப் பாத்திரம் ஆடியவர் என்று மூன்று பெயர்கள் வரும், அப்புறம் பேச்சு கருத்துக்குப் போய்விடும். மற்றவர்களைப் பற்றி யாராவது கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும் என்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் களரியைச் சொல்லவேண்டும். மட்டக்களப்பில் கூத்து விடிய விடிய நடக்கும். வட்டத்தின் நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், பக்கத்தில் தாளக்காரரும், பாட்டைத் திருப்பிப் படிக்கிற பிற்பாட்டுக்காரரும். ஆடுகிறவர்கள் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள், சனம் நாலு பக்கமும் இருக்கும். ஆட்டக்காரனின் கால் எங்கே விழுகிறது, மூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் அண்ணாவியாருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். பாட்டை மறந்து தடுமாறினால் முதலடியை அவரே எடுத்துக் கொடுப்பார். களைத்துப்போனால் பிற்பாட்டை இன்னொரு தரம் படிக்கவைத்து ஆறவிடுவார். அடுத்த வேடம் இன்னும் உடுத்து முடியவில்லை என்று தெரிந்தால், களரியில் நிற்கிறவனை மேலும் ஒரு சுற்று ஆடவைப்பார்.

அரங்கேற்றத்துக்கு முந்திய மாதங்களும் அவர் கையில்தான். யாருக்கு எந்த வேடம் பொருந்தும் என்று பார்த்துச் சட்டம் (அவரவர் பங்குப் பாட்டு) கொடுப்பது, ஆட்டம் பழக்குவது, கிழமைக்கூத்து என்ற வாராந்த ஒத்திகை வைப்பது, சதங்கை கட்டுவது, அடுக்கு என்ற முழு ஒத்திகை பார்ப்பது. சில இடங்களில் ஏட்டைப் பார்த்துப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஏட்டண்ணாவியார் என்று ஒருவர் கூட இருப்பார். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்: களரி போடுவது, வெளிச்சம், சாப்பாடு, உடுப்பு, செலவு. பல்கலைக்கழக மலர் ஒன்றில் நெறியாள்கை, ஆட்டப் பயிற்சி, இசை, மேடை முகாமை என்று தனித்தனி வரியாக அச்சாகிற வேலைகள் அத்தனையும் ஊரில் ஒரு மனிதரின் தலைக்குள்ளும் இரண்டு கைகளிலும் இருந்தன.

பல்கலைக்கழகத் தமிழ் நாடகம் கூத்தோடு தொடங்கவில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி இருந்த காலத்திலேயே மாணவர்களுக்காக நாடகம் எழுதினார். ‘நானாடகம்’ 1940இல் நூலாக வந்தது. அவை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் எழுதப்பட்ட, வீட்டுக்குள்ளே நடக்கிற உரையாடல் நாடகங்கள். அவற்றுக்குப் பின்னரங்க வேலை குறைவு. கூத்தைக் கொண்டுவந்தபோது நிலைமை வேறு.

அதற்கு வழி திறந்தது ஒரு சிங்கள நாடகம். பேராதனையில் எதிரிவீர சரச்சந்திர மாணவர்களை வைத்துத் தயாரித்த ‘மனமே’ 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறியது. அது நாடகம என்ற பழைய சிங்கள வடிவத்தில் காலூன்றி நின்றது. அந்த வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து போனது. எனக்கு ‘மனமே’யில் மிகவும் பிடித்தது அதன் குழு. சரச்சந்திர தனக்குத் தெரியாததைத் தெரிந்தவராகப் பாவனை செய்யவில்லை. நாடகமவின் பாட்டையும் அடியையும் முறையாக அறிந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயை மாணவர்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். உடையையும் ஒப்பனையையும் கவிஞரும் கலை வரலாறு தெரிந்தவருமான சிரி குணசிங்க பார்த்தார். கிராமத்துக் குரு, பல்கலைக்கழக ஆசிரியர்கள், இருபது வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஒத்திகைக்குள் இருந்தார்கள்.

பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தனும் தமிழில் அதே மாதிரி ஒரு குழுவைக் கூட்டினார். ‘கர்ணன் போர்’ 1962இல், ‘நொண்டி நாடகம்’ 1963இல், அதன் பிறகு ‘இராவணேசன்’, ‘வாலிவதை’. மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் வந்து மாணவர்களுக்குப் பழக்கினார். மட்டக்களப்பிலிருந்து படிக்கப் போயிருந்த சி. மௌனகுரு ‘இராவணேசன்’ எழுத்துருவை ஆக்கி இராவணனாகவும் ஆடினார். இரவு முழுக்க ஆடுகிற கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சுருங்கியது. ஆட்டம் பார்வையாளர் பக்கம் திரும்பியது. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஒரு பக்கத்துக்குப் போனார்கள்.

இந்த மாற்றங்களைப் பற்றி நிறைய வாதம் நடந்திருக்கிறது. கூத்தின் உயிர் போய்விட்டது என்பவர்களும் உண்டு, கூத்தைக் காப்பாற்றியதே அதுதான் என்பவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தாரும் பேசாத ஒன்று இருக்கிறது, அது வேலை. ஒன்றரை மணித்தியாலமாகச் சுருக்கினால், ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு வரும்போது ஆடுகிற வரவு ஆட்டங்கள் குறையும். களரியில் ஒரு அரசன் நீண்ட நேரம் வரவு ஆடும்போதுதான் அடுத்தவர் உடுத்து, பூட்டி, கிரீடம் வைத்து ஆயத்தமாவார். வரவைக் குறைத்தவுடன் அந்த நேரம் போய்விட்டது. இனி உடை மாற்றுகிறவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கவேண்டும். அண்ணாவியார் ஓரத்தில் இருப்பதால் எதிர்ப்பக்கத்தில் யார் ஆயத்தம், யார் இல்லை என்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒருவர் வேண்டும். நாலு பக்கமும் பரவிய வெளிச்சம் போய் முன்னாலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் அதற்கொருவர். இப்படித்தான் ஒரு மனிதரின் வேலை பிரிந்து பிரிந்து ஒரு குழுவாயிற்று.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த விளக்கமல்ல. பக்கத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தது.

எங்கள் காலத்தில் நாங்கள் எடுத்தது பாரதக் கதை ஒன்று, மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு மோடிகளில் ஒன்றான வடமோடி. நெறியாளர் எங்களுக்கு ஒரு வருடம் மூத்த அண்ணா. ஆட்டம் பழக்க ஊரிலிருந்து ஒரு அண்ணாவியார் வந்தார். முதல் நாளே அவர் மண்டபத்தின் மேடையில் ஏறி, குறுக்கும் நெடுக்குமாக நடந்து, கடைசியில் தனக்கு ஒதுக்கிய பக்கத்தில் மத்தளத்தை வைத்துவிட்டு, “இதில இருந்து பாத்தா எனக்குப் பொடியன்ட ஒரு பக்கக் கால்தான் தெரியும். மத்தப் பக்கத்த ஆர் பாப்ப?” என்று கேட்டார். என் வேலை என்ன என்பதை அதற்கு மேல் யாரும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை.

நான் அவருக்கு நேரெதிர்ப் பக்கத்தில் நின்றேன். கையில் ரோச் லைட், அதன் முகத்தில் சிவப்புத் தாள். அடுத்த வேடம் ஆயத்தமானால் ஒருமுறை காட்டவேண்டும். காட்டும் வரைக்கும் அவர் பிற்பாட்டை விடமாட்டார், கடைசி அடியைத் திருப்பித் திருப்பிப் படிப்பிப்பார். சபைக்கு அது கூத்தின் அழகு. எனக்கும் அவருக்கும் மட்டும் அது உள்ளே கிரீடத்தின் கயிறு இன்னும் கட்டி முடியவில்லை என்ற செய்தி. இப்படி ஒருவரோடொருவர் பேசாமலே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறோம். அந்த நெருக்கத்தை நான் வேறு எந்த வேலையிலும் பிறகு கண்டதில்லை.

உடைக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லவேண்டும். வடமோடி அரசனுக்குக் கரப்புடுப்பு. இடுப்புக்குக் கீழே வட்டமாக விரிந்து நிற்கும், உள்ளே கம்பு வளையம். ஊர்க் களரியில் அதற்கு எந்தத் தடையும் இல்லை, நாலு பக்கமும் வெளி. எங்கள் மண்டபத்தில் பக்கத் திரைகளுக்கு இடையில் ஒரு ஆள் தாராளமாகப் போகலாம், கரப்புடுப்போடு ஒரு அரசன் போகமுடியாது. சரிந்து போனால் வளையம் வளையும், திரையைத் தள்ளிக்கொண்டு போனால் திரையோடு சேர்ந்து லைட் கம்பமும் ஆடும்.

உடைக்குப் பொறுப்பாக இருந்தவள் எங்களுக்கு இளையவள். தாய் தையல்காரி. அவள் இடைவெளியை அளந்தாள், வளையத்தை அளந்தாள், இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் இருந்தாள். பிறகு வளையத்தை இரண்டு பாதியாகச் செய்து, பக்கவாட்டில் கொளுக்கி வைத்து, பக்கத் திரையைத் தாண்டி மேடைக்குள் கால் வைக்க முந்திய இடத்தில் பூட்டுகிற மாதிரி ஒரு வழி கண்டுபிடித்தாள். அண்ணாவியார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். “ஆட்டத்துக்கு நிக்குமா மனே?” என்றார். நிற்கும் என்று அவள் சொன்னதை அவர் எடுத்த எடுப்பில் நம்பவில்லை. அரசனுக்கு உடுத்தி, மத்தளத்தை எடுத்து, வரவு ஆட்டம் முழுவதையும் ஆடவைத்தார். துள்ளல், சுற்று, கடைசியில் ததிங்கிணதோம் என்று தீருகிற இடம் வரை. ஒரு கொளுக்கி தெறித்தது. அவள் அந்த இடத்தில் நாடாவும் சேர்த்துக் கட்டினாள். மறுபடியும் ஆட்டம். இந்த முறை நின்றது. “சரி, ஆட்டத்துக்குச் சரி” என்றார். அவர் வாயால் அந்தச் சொல்லைக் கேட்க நடிகர்களே வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பெண் வேடங்களையும் ஆண்களே ஆடிவந்த கூத்தில் எங்கள் தயாரிப்பில் பெண்கள் ஆடினோம். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது எளிது. நடைமுறையில் அதற்கு இரண்டாவது ஒப்பனை அறை வேண்டும், கதவுள்ள அறை வேண்டும், ஒத்திகை முடிந்து இரவில் விடுதிக்குப் போக ஒழுங்கு வேண்டும், வீட்டுக்கு எழுத வேண்டிய கடிதம் வேண்டும். அந்தக் கடிதங்களை எழுதியது, பொறுப்பாசிரியரிடம் கையெழுத்து வாங்கியது, இரவில் துணைக்குப் போனது எல்லாம் மலரில் பெயர் வராத ஒரு அக்கா. கூத்தில் பெண்கள் வந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட அக்காமாரையும் தேடிப் பிடிக்கவேண்டும்.

லைட் பார்த்தவன் விஞ்ஞான பீடத்துப் பொடியன், பௌதிகவியல். கூத்து என்றால் என்னவென்று வாழ்நாளில் பார்த்திராதவன். மின்சாரம் தெரியும் என்பதற்காகக் கூட்டி வந்தோம். கிரீடத்திலும் புஜத்திலும் ஒட்டியிருக்கிற கண்ணாடித் துண்டுகளும் பொன் தாளும் நேர் வெளிச்சம் பட்டால் முன் வரிசைக்காரரின் கண்ணைக் கூசவைக்கும் என்பதை அவன்தான் முதலில் கவனித்தான். பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் மினுங்கவென்று செய்த உடுப்பு அது, இந்த வெளிச்சத்துக்குச் செய்ததில்லை. பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் மேலிருந்து, மஞ்சள் நிறத்தாள் வைத்துப் போட்டான். முகம் தெரிந்தது, மினுக்கமும் இருந்தது.

அவனுக்குத் தாளம் பிடிபடத்தான் நாள் எடுத்தது. எழுத்துருவில் ‘பாட்டு முடிய வெளிச்சம் மாறும்’ என்று இருக்கும். பாட்டு எங்கே முடிகிறது? பாடுகிறவர் நிறுத்தும்போதா, பிற்பாட்டு நிறுத்தும்போதா, மத்தளம் தீரும்போதா? அண்ணாவியார் அவனைத் தன் பக்கத்தில் இருத்திச் சொன்னார்: “மத்தளத்தக் கேட்டுப் போடாத மனே. ஆட்டக்காரன்ட கால் நிண்ட பிறகு போடு. கால் நிண்டாத்தான் கூத்து நிண்ட.” அதன் பிறகு அவன் எழுத்துருவைத் தூக்கி வைத்துவிட்டான், காலைப் பார்க்கத் தொடங்கினான். பின்னாட்களில் நான் பார்த்த எத்தனையோ நாடகங்களில் வெளிச்சம் அரை விநாடி முந்தி விழும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடம் ஞாபகம் வரும்.

காசு, மண்டபம், கடிதம், லொறி எல்லாம் முகாமைத்துவ பீடத்து இரண்டு பேரின் பொறுப்பு. அந்தக் காலத்தில் வெளியூருக்கு நாடகம் கொண்டுபோவது என்றால் வழியெல்லாம் சோதனைச் சாவடி. லொறிக்குள் மர வாள், வில், கதாயுதம். பொருட்களின் பட்டியலை ஒவ்வொன்றாக எழுதி, ‘மரத்தினால் செய்யப்பட்டது, நாடகத் தேவைக்கானது’ என்று குறிப்பிட்டு, கடிதத் தலைப்பில் அச்சிட்டு, முத்திரை குத்தி எடுத்துப் போனார்கள். அந்தப் பட்டியலை எழுதியவனுக்கு மேடையில் எந்தக் காட்சியில் எந்த வாள் வருகிறது என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். ஒரு தடவை லொறி இறக்கும்போது ஒரு வில் குறைகிறது என்று பட்டியலை வைத்துக் கண்டுபிடித்தவனும் அவன்தான். அந்த வில் பாய்க்கட்டுக்குள் சுருண்டு கிடந்தது.

இப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருந்திருப்பார்கள். 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலாசாரக் குழு மேடையேற்றிய ‘மண் சுமந்த மேனியர்’ என்றால், எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கமும் நெறியாண்ட க. சிதம்பரநாதனும் உடனே நினைவுக்கு வருவார்கள். வரவேண்டியவர்கள்தான். ஆனால் போர் நெருங்கி நின்ற அந்தக் குடாநாட்டில், ஊருக்கு ஊர் அந்த நாடகத்தைக் கொண்டுபோனவர்களில் இடம் பார்த்தது யார், வெளிச்சத்துக்கு வழி செய்தது யார், ஆட்டம் முடிந்து நடிகர்களை வீடு சேர்த்தது யார்? அந்த நாடகத்தின் அரசியலைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் ஒரு பங்காவது இந்த வேலைகளைப் பற்றியும் கிடைத்தால், அதே மாதிரி ஒரு நாடகத்தை இன்று செய்ய நினைக்கிற பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவும்!

நடிப்புத் தேர்வில் எடுபடாதவர்களுக்கு ஆறுதலாகக் கொடுக்கிற இடமாக இன்னும் பல கல்லூரிகளில் பின்னரங்கத்தை வைத்திருக்கிறார்கள். “உனக்குப் பாத்திரம் இல்லை, திரை இழு” என்பார்கள். எனக்கு இதைக் கேட்கும்போது கோபம் வரும். திரை இழுக்கிறவரின் கை ஒரு காட்சியின் கடைசி வரியை எழுதுகிறது. அதற்கும் தேர்வு வைக்கவேண்டும், ஒத்திகை வைக்கவேண்டும், நடிகருக்குக் கிடைக்கிற அதே நேரத்தை அவருக்கும் கொடுக்கவேண்டும். நான் பாடசாலையில் நாடகம் பழக்கும்போது முதல் வாசிப்புக்கே பின்னரங்கப் பிள்ளைகளையும் வட்டத்தில் இருத்துவேன். உடை பார்க்கிற பிள்ளை முதல் நாளிலேயே கேட்கிற கேள்வி பாத்திரத்தையே மாற்றிவிடுவது உண்டு. “இவ ஏழை எண்டா ஏன் டீச்சர் மூண்டு காட்சியிலயும் வேற வேற சீலை?” என்று ஒருத்தி கேட்டாள். எழுத்துருவில் அந்த இடத்தைத் திருத்தினோம்.

மாணவர் அரங்கின் பெரிய கஷ்டம் குழு கலைவதுதான். ஊர் அண்ணாவியாருக்குப் பிறகு அவர் பழக்கிய ஒருவர் மத்தளத்தை எடுப்பார், ஏடு பிரதியாகிக் கைமாறும். பல்கலைக்கழகத்தில் நாலு வருடத்தில் எல்லோரும் போய்விடுவார்கள். கொளுக்கி வைத்த கரப்பு களஞ்சிய அறையில் கிடந்து உக்கும். அடுத்த அணி வந்து அதே இடைவெளியில் அதே வளையத்தோடு மாட்டிக்கொண்டு, அதே விடையைப் புதிதாகக் கண்டுபிடிக்கும். எழுத்துரு அச்சாகும், நடிகரின் படம் மிஞ்சும். செய்த விதம் மிஞ்சாது.

அதனால்தான் என் மேடை முகாமைக் கொப்பியை நான் இன்றும் வைத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் எழுத்துரு, வலப்பக்கத்தில் யார் எந்தப் பக்கத்தால் வருவது, எந்த அடியில் ரோச் காட்டுவது, எந்த லைட், உடை மாற்ற எத்தனை பிற்பாட்டு தேவை. கரப்பின் படத்தை அவளே கீறித் தந்தாள், அளவுகளோடு. லைட் பொடியன் தன் பங்குக்கு ஒரு மூலையில் ‘கால்!’ என்று பெரிதாக எழுதி வைத்தான். எங்களுக்குப் பிறகு வந்த இரண்டு அணிகள் அதை வாங்கிப் பிரதி எடுத்தன. அவர்கள் தங்கள் குறிப்புகளைச் சேர்த்துத் திருப்பித் தந்தார்கள். கொளுக்கிக்குப் பதிலாக அவர்கள் வெல்குரோ வைத்திருக்கிறார்கள். பூட்டுவது சுலபம், கழற்றும்போது சத்தம் கேட்கும், மத்தளம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் கழற்றவும் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.

‘கர்ணன் போர்’ ஆடிய காலத்தில் பேராதனையில் இருபது வயதில் இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களில் பலர் நடிக்கவில்லை, கட்டினார்கள், தைத்தார்கள், பூசினார்கள், தூக்கினார்கள். உங்கள் அப்பப்பாவோ அம்மம்மாவோ அந்தக் காலத்தில் அங்கே படித்தவர் என்றால், நாடகத்தில் நடித்தீர்களா என்று கேட்டு, இல்லை என்றதும் விட்டுவிடாதீர்கள். திரைக்குப் பின்னால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கரப்புக்கு என்ன கம்பு எடுத்தார்கள், அதை எங்கே வெட்டினார்கள், அண்ணாவியார் எங்கே தங்கினார், அவருக்கு யார் சாப்பாடு கொண்டுபோனார், முகத்துக்கு என்ன பூசினார்கள், உடுப்பு யாருடைய அறையில் இருந்தது, ஓரத்தில் இருந்த அண்ணாவியாருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து யார் சைகை காட்டினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், கொப்பியில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன.